ஆப்பிரிக்க மிஷன் பயணங்களைச் சுமந்தவர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிழக்கு ஆப்பிரிக்காவின் உள்நாட்டுக்குப் புறப்பட்ட கிறிஸ்தவ மிஷனரிகள், மூட்டை முடிச்சுகளைக் கட்டி வைத்துவிட்டுக் கடற்கரையிலேயே வாரக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். சுமை தூக்க ஆள் கிடைக்க வேண்டும் என்பதுதான் காரணம். சான்சிபார் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பகமோயோ துறைமுகத்திலிருந்து உள்நாட்டு ஏரிகள் வரை வண்டிப்பாதை கிடையாது. வழியெங்கும் செட்சி ஈ. அது கடித்தால் மாடும் குதிரையும் பிழைப்பது அரிது. 1876இல் லண்டன் மிஷனரி சங்கத்தார் மாட்டுவண்டி ஓட்டிப் பார்த்தார்கள். திருநெல்வேலிச் சீமை சி.எம்.எஸ். என்று நன்றாக அறிந்த சர்ச் மிஷனரி சங்கத்தின் பொறியாளர் அலெக்சாண்டர் மெக்கே, கடற்கரையிலிருந்து ம்ப்வாப்வா வரை 230 மைல் தூரத்துக்குக் காட்டை வெட்டிப் பாதை போட்டார். மாடுகள் வழியிலேயே மாண்டுபோக, இரண்டு முயற்சிகளும் வீணாயின. எல்லாச் சுமையும் மனிதர்களின் தலையிலும் தோளிலும்தான் போயிற்று.

ஓர் ஆளுக்கு ஏறத்தாழ 30 கிலோ சுமை. இந்த வேலையில் பேர் பெற்றவர்கள் இன்றைய தான்சானியாவின் நடுப்பகுதியைச் சேர்ந்த நியாம்வேசி மக்கள். இவர்கள் கிடைத்த கூலிக்கு வந்த கூட்டமல்ல. தலைமுறை தலைமுறையாகத் தந்தம் சுமந்து கடற்கரைக்கு வந்துபோன தொழிலாளிகள். கூலியைப் பேசி முடிக்காமல் ஒருவரும் மூட்டையைத் தொடமாட்டார். வழி தெரிந்த முன்னோடி ஒருவர் கொடியுடன் முன்னே போவார். கிராங்கோசி என்று அவருக்குப் பெயர். மூட்டைகளில் பெரும்பகுதி துணியும் கண்ணாடி மணியும் உலோகக் கம்பியும்தான். நாணயம் புழங்காத உள்நாட்டில் இவையே பணம். சோறு வாங்கவும், ஓடத்துக்குக் கொடுக்கவும், ஒவ்வொரு தலைவரின் எல்லையிலும் ஹோங்கோ எனப்பட்ட சுங்கம் கட்டவும் துணியை முழம் போட்டுத்தான் அளக்க வேண்டும். வெனிஸ் நகரத்து மணிகள், அமெரிக்காவிலிருந்து வந்த கோராத் துணி, இந்தியாவின் நீலத் துணி ஆகியவற்றைக் கடனுக்குக் கொடுத்தவர்கள் சான்சிபாரிலும் பகமோயோவிலும் கடை வைத்திருந்த குஜராத்தி வணிகர்கள். இங்கிலாந்தின் கிராமத்து ஆலயங்களில் சேர்ந்த காணிக்கைப் பணம் இப்படித்தான் துணியாக மாறி, தலைச்சுமையாகி, காடு கடந்தது.

மிஷன் வரலாறு பெரும்பாலும் அனுப்பிய சங்கங்களின் ஆவணங்களிலிருந்து எழுதப்பட்டது. அதனால் பயணத்தின் நாயகராக மிஷனரி ஒருவரே தெரிகிறார். அவருடைய தியாகம் உண்மை. அதைக் குறைத்துப் பேச இடமில்லை. ஆனால் அவருக்கு வழி காட்டியவர், மொழிபெயர்த்தவர், சமைத்தவர், காய்ச்சலில் விழுந்தபோது டோலியில் தூக்கிச் சென்றவர், கடைசியில் அவர் போகாத ஊர்களுக்கும் சுவிசேஷத்தைக் கொண்டுபோனவர் எல்லோரும் ஆப்பிரிக்கர்கள். பல நாடுகளைக் கடந்த இந்தப் பயணங்களின் வரலாறு முதலாவதாக அவர்களுடையது.

கிழக்குக் கரையில் தொடக்கம் வைத்தவர் ஜெர்மானியரான யோகான் லுட்விக் கிராப்ஃப். எத்தியோப்பியாவில் சில ஆண்டுகள் ஊழியம் செய்து, அங்கிருந்து வெளியேற நேர்ந்தபின் 1844இல் மொம்பாசாவில் வந்து இறங்கினார். சில மாதங்களுக்குள் மனைவி ரோசினையும் பிறந்த பெண் குழந்தையையும் காய்ச்சல் கொண்டுபோயிற்று. அவர் அசையவில்லை. 1846இல் யோகான் ரெப்மன் வந்து சேர, இருவரும் மொம்பாசாவுக்கு உட்புறத்தில் ரபாய் என்ற குன்றில் மிஷன் நிலையம் அமைத்தார்கள். 1848இல் ரெப்மன் கிளிமஞ்சாரோவையும் 1849இல் கிராப்ஃப் கென்யா மலையையும் பார்த்தார்கள். நிலநடுக்கோட்டருகே பனிமூடிய மலையா என்று லண்டன் புவியியலாளர் சிலர் அவர்களை நம்ப மறுத்தனர். கிராப்ஃபின் கனவு கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரை வரை கண்டத்தின் குறுக்கே தொடர்ச்சியாக மிஷன் நிலையங்கள் அமைப்பது. அவர் காலத்தில் அது கனவாகவே நின்றது. ஆனால் அவர் தொகுத்த சுவாஹிலி அகராதி பின்னால் வந்த எல்லோருக்கும் பயன்பட்டது.

கண்டத்தைக் குறுக்கே கடந்த பெருமை டேவிட் லிவிங்ஸ்டனுக்குச் சேர்ந்தது. ஸ்காட்லாந்தின் பிளான்டையரில் பஞ்சாலைச் சிறுவனாக வேலை செய்து, மருத்துவம் படித்து, லண்டன் மிஷனரி சங்கத்தின் சார்பில் 1841இல் தென்னாப்பிரிக்கா வந்தவர் அவர். நாகர்கோவிலிலும் நெய்யூரிலும் பள்ளியும் மருத்துவமனையும் நடத்திய அதே சங்கம்தான் இது. 1853 நவம்பரில் சாம்பெசி ஆற்றுப் பகுதியிலிருந்த லின்யான்டியிலிருந்து மேற்கே புறப்பட்டு, 1854 மே மாதக் கடைசியில் அட்லாண்டிக் கரையிலுள்ள லுவாண்டாவை அடைந்தார். உடன் சென்ற 27 பேரும் கொலோலோ தலைவர் செக்கெலெட்டு கொடுத்து அனுப்பிய ஆட்கள். லுவாண்டாவில் கப்பல் ஏறி ஊர் திரும்பும் வாய்ப்பு லிவிங்ஸ்டனுக்கு இருந்தது. உடன் வந்தவர்களை அவர்கள் ஊரில் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகக் கொடுத்த வாக்குக்காக வந்த வழியே நடந்தார். பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட கொலோலோ ஆட்களுடன் கிழக்கே சென்று, 1855 நவம்பரில் மோசி ஓவா துன்யா அருவியைப் பார்த்து அதற்கு விக்டோரியாவின் பெயரைச் சூட்டி, 1856 மே மாதம் இந்தியப் பெருங்கடலோரத்தில் கிலிமானேயை எட்டினார். இன்றைய எல்லைப்படி அங்கோலா, சாம்பியா, மொசாம்பிக் எல்லாம் அந்த ஒரே பயணத்துக்குள் அடங்கும். உணவும் ஆளும் வணிகத்துக்கான தந்தமும் கொடுத்து இந்தப் பயணத்துக்குப் பொருளுதவி செய்தவர் செக்கெலெட்டு என்னும் ஆப்பிரிக்க அரசர் என்பதைப் பாடநூல்கள் அதிகம் பேசுவதில்லை.

1857இல் கேம்பிரிட்ஜில் லிவிங்ஸ்டன் ஆற்றிய உரையைக் கேட்டு எழுந்ததே பல்கலைக்கழகங்களின் மத்திய ஆப்பிரிக்க மிஷன். அதன் முதல் பேராயர் சார்ல்ஸ் மெக்கென்சி 1861இல் இன்றைய மலாவியிலுள்ள மகோமெரோவில் குடியேறினார். அடிமை வணிகர்களிடமிருந்து மீட்ட மக்களைச் சுற்றி வைத்துக்கொண்டு தொடங்கிய அந்த மிஷன், சீக்கிரமே யாவோ இனத்தவருடன் துப்பாக்கிச் சண்டையில் இறங்கிக் கிராமங்களைக் கொளுத்தியது. அடிமைகளை விடுவிக்கும் நோக்கம் நல்லது என்றாலும் சுவிசேஷம் சொல்ல வந்தவர்கள் அப்படிச் செய்தது பெரும் தவறு. இங்கிலாந்திலேயே கடும் கண்டனம் எழுந்தது. 1862 ஜனவரியில் ஓடம் கவிழ்ந்து குயினைன் மருந்து ஆற்றோடு போக, மெக்கென்சி ஷிரே ஆற்றங்கரையில் காய்ச்சலில் மடிந்தார். மிஷன் சான்சிபாருக்கு நகர்ந்தது. 1873இல் அங்கே அடிமைச் சந்தை மூடப்பட்டபோது, அதே இடத்தில் பேராலயம் எழுப்பும் வேலையை எட்வர்ட் ஸ்டியர் தொடங்கினார்.

இந்த வரலாற்றில் இந்தியாவுக்கும் ஓர் இடம் உண்டு. இந்தியப் பெருங்கடலில் அடிமைக் கப்பல்களை மடக்கிய பிரிட்டிஷ் கடற்படை, மீட்ட சிறுவர் சிறுமியரில் பலரைப் பம்பாயில் இறக்கிவிட்டது. அவர்களில் ஒரு பகுதியினரை சி.எம்.எஸ். நாசிக்கை அடுத்த சரண்பூரில் வைத்து வளர்த்தது. பிடிபட்டபோது ஏழெட்டு வயதிருந்த குழந்தைகள். பெற்றோர் யார், ஊர் எது என்பதே பலருக்கு மறந்துபோயிற்று. தச்சும் கொல்லும் ஆங்கிலமும் இந்திய மொழியும் கற்று, ஆங்கிலக் கிறிஸ்தவப் பெயர்களுடன் மராத்திய மண்ணில் வாலிபரானார்கள். வரலாறு அவர்களைப் ‘பம்பாய் ஆப்பிரிக்கர்கள்’ என்கிறது. 1864இல் லிவிங்ஸ்டன் தம் சிறு நீராவிப் படகான லேடி நியாசாவைத் தாமே ஓட்டிக்கொண்டு சான்சிபாரிலிருந்து பம்பாய் வந்தார். அடிமைச் சங்கிலியிலிருந்து 1861இல் மீட்கப்பட்ட யாவோ சிறுவன் சூமாவும், சாம்பெசிக் கரையில் வேலைக்குச் சேர்ந்த சூசியும் அவருடன் பம்பாய் வந்தவர்கள். அடுத்த ஆண்டு லிவிங்ஸ்டன் நாசிக்குக்கும் போய், ஒன்பது வாலிபர்களைத் தம் அடுத்த பயணத்துக்குத் தேர்ந்தெடுத்தார். எந்தக் கரையிலிருந்து அடிமைகளாகக் கடத்தப்பட்டார்களோ, அந்தக் கரைக்கே கூலிபெறும் சுதந்திர மனிதர்களாக அவர்கள் திரும்பினார்கள்.

1866இல் தொடங்கிய அந்தக் கடைசிப் பயணம் ஏழாண்டுகள் நீண்டது. நைல் நதியின் தோற்றுவாயைத் தேடி, அடிமை வணிகத்தின் கொடுமைகளை எழுதி அனுப்பி, மருந்துப் பெட்டியைப் பறிகொடுத்து, நோயில் நலிந்து லிவிங்ஸ்டன் அலைந்தார். 1871இல் உஜிஜியில் பத்திரிகையாளர் ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லி அவரைக் கண்டுபிடித்தார். ஸ்டான்லி திரும்பிப் போய் சான்சிபாரிலிருந்து அனுப்பிய புதிய ஆட்களில், நாசிக்கில் படித்த ஜேக்கப் வெயின்ரைட், கேரஸ் ஃபரார், மத்தேயு வெலிங்டன் ஆகியோரும் இருந்தார்கள். 1873 மே மாதத் தொடக்கத்தில், இன்றைய சாம்பியாவிலுள்ள சித்தாம்போவின் கிராமத்தில், கட்டிலருகே முழந்தாளிட்ட நிலையில் லிவிங்ஸ்டன் இறந்து கிடந்ததை உடன் இருந்தவர்கள் கண்டார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் ஆப்பிரிக்க மிஷன் பயணங்களிலேயே ஒப்பற்றது. அதை முடிவு செய்தவர்களும் நடத்தியவர்களும் ஆப்பிரிக்கர்கள் மட்டுமே. அங்கேயே புதைத்துவிட்டு அவரவர் வழியே போயிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க முடியாது. பிணத்தோடு பயணம் செய்வது அந்தப் பகுதிகளில் பெரும் அபாயம். தீட்டும் சூனியமும் என்று ஊருக்கு ஊர் எதிர்ப்பு வரும். ஆயினும் உடலைக் கடற்கரைக்குக் கொண்டுபோவது என்று கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். ஊருக்கு வெளியே மேலே திறந்த வேலி ஒன்று கட்டினார்கள். மருத்துவர் ஒருவரிடம் முன்பு வேலை பார்த்திருந்த ஃபரிஜாலாவும் அவருக்கு உதவிய ஃபராரும் உடலைத் திறந்து, இதயத்தையும் உள்ளுறுப்புகளையும் எடுத்து, மாவு வைத்திருந்த தகரப் பெட்டியில் அடக்கி ஒரு ம்புண்டு மரத்தடியில் புதைத்தார்கள். வெயின்ரைட் அடக்க ஆராதனையின் ஜெபங்களை வாசித்தார். மரத்தில் லிவிங்ஸ்டனின் பெயரையும் நாளையும் செதுக்கினார். உடலுக்குள் உப்பிட்டு இரண்டு வாரம் வெயிலில் உலர்த்தி, துணியில் சுற்றி, மரப்பட்டையை உருளையாக உரித்து அதற்குள் வைத்து, மேலே பாய்த்துணியால் தைத்துத் தாரும் பூசினார்கள். இரண்டு பேர் தோளில் வைத்துத் தூக்க ஒரு கழி.

நோயில் பலர் விழுந்ததால் தொடக்கத்திலேயே வாரக்கணக்கில் நிற்க நேர்ந்தது. வழியில் ஓர் ஊரில் சண்டை மூண்டது. உனியானியெம்பேயில் எதிர்ப்பட்ட ஆங்கிலக் கடற்படை அதிகாரி கேமரன், இங்கேயே புதைத்துவிடலாமே என்றார். சூமாவும் சூசியும் மறுத்துவிட்டார்கள். அதற்கப்பால் பிணம் போக விடமாட்டோம் என்று மக்கள் தடுத்தபோது, உடலைத் திருப்பி அனுப்புவதுபோல் ஒரு பொய்ச் சுமையை ஊரறிய அனுப்பினார்கள். உண்மையான உடலைச் சாதாரணத் துணிமூட்டைபோல் கட்டிச் சுமந்தார்கள். கூட்டத்தில் பெண்களும் இருந்தார்கள். சமையல் வேலை பார்த்த ஹலீமா அவர்களில் ஒருவர். ஆயிரம் மைலுக்கும் மேற்பட்ட அந்த நடை 1874 பிப்ரவரியில் பகமோயோவில் முடிந்தது. அங்கே விடுதலையான அடிமைகளுக்காக பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குருக்கள் 1868இல் தொடங்கிய மிஷனில் உடல் ஓர் இரவு வைக்கப்பட்டது. பிரிட்டிஷ் அதிகாரி உடலைப் பெற்றுக்கொண்டு, சுமந்து வந்தவர்களுக்குக் கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

சிங்கம் கடித்து முன்பு முறிந்திருந்த இடக்கை எலும்பை வைத்து லண்டனில் உடல் அடையாளம் காணப்பட்டது. 1874 ஏப்ரல் 18 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் நடந்தபோது, சுமந்து வந்தவர்களில் அங்கே நின்றவர் ஜேக்கப் வெயின்ரைட் ஒருவரே, அவருக்கு சி.எம்.எஸ். கப்பல் கட்டணம் கொடுத்திருந்தது. சூமாவும் சூசியும் அடக்கம் முடிந்த பிறகே இங்கிலாந்துக்கு அழைக்கப்பட்டார்கள். லிவிங்ஸ்டனின் கடைசி நாட்குறிப்புகளைத் தொகுத்த ஹொரேஸ் வாலருக்கு, எழுதப்படாமல் போன செய்திகளை நினைவிலிருந்து சொன்னவர்கள் அவர்கள்தாம். ராயல் புவியியல் சங்கம் பயணத் துணைவர்களுக்குப் பதக்கம் அடித்தது. பதக்கம் போய்ச் சேர்ந்த காலத்தில் பலர் வேறு பயணங்களில் சிதறிவிட்டிருந்தார்கள். மத்தேயு வெலிங்டன் 1935 வரை மொம்பாசாவில் வாழ்ந்தார்.

லிவிங்ஸ்டனின் அடக்கம் பிரிட்டனில் புதிய மிஷன்களைக் கிளப்பியது. சுதந்திர ஸ்காட்லாந்துச் சபை 1875இல் மலாவி ஏரிக்கு அனுப்பிய லிவிங்ஸ்டோனியா மிஷன், இலாலா என்ற நீராவிப் படகைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்தது. ஷிரே ஆற்றில் படகு போக முடியாத அருவித்தொடர் 60 மைல். சுமார் 800 ஆட்கள் அந்தத் தகடுகளையும் கொதிகலனையும் திருகாணிகளையும் மலைப்பாதையில் சுமந்தார்கள். மேலே போய்ச் சேர்ந்தபோது ஒரு துண்டும் குறையவில்லை. ஏரிக்கரையில் மீண்டும் பூட்டப்பட்ட அந்தப் படகுதான் ஆப்பிரிக்கப் பேரேரிகளில் ஓடிய முதல் நீராவிப் படகு. அந்த 800 பேரில் யாருடைய பெயரும் பரவலாக அறியப்படவில்லை.

அதே மிஷனுக்குத் தென்னாப்பிரிக்காவின் லவ்டேல் கல்வி நிலையத்திலிருந்து நால்வர் 1876இல் வந்தார்கள். அவர்களில் வில்லியம் கோயி முக்கியமானவர். ஏரிக்கு மேற்கே இருந்த அங்கோனி மக்களைக் கண்டு சுற்றுவட்டாரமே அஞ்சியது. அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தெற்கிலிருந்து போரிட்டபடி குடிபெயர்ந்தவர்கள் அவர்கள். கோயியின் தாய்மொழியான கோசா அவர்கள் பேச்சுக்கு நெருக்கமானது. ஸ்காட்லாந்துக்காரர் யாராலும் நுழைய முடியாத இடத்தில் அவர் போய்க் குடியிருந்தார். அரசர் ம்பெல்வாவின் அவையில் உட்கார்ந்து பேசினார். பள்ளி நடத்தவும் பிரசங்கிக்கவும் அனுமதி கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. 1886இல் அந்தச் செய்தி வந்தபோது கோயி மரணப் படுக்கையில் இருந்தார்.

மேற்குக் கரையின் கதை இதற்கு முந்தியது. அங்கே வழியை அடைத்தது காய்ச்சல். தங்கக் கரை எனப்பட்ட இன்றைய கானாவுக்கு 1828இல் பாசல் மிஷன் அனுப்பிய முதல் நால்வரில் மூவர் ஓராண்டுக்குள் இறந்தார்கள். 1841இல் நைஜர் ஆற்றில் சென்ற பிரிட்டிஷ் பயணத்தில் 145 ஐரோப்பியரில் 130 பேருக்குக் காய்ச்சல் கண்டது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1854இல் மருத்துவர் பைக்கி அதே ஆற்றில் சென்றபோது எல்லோரும் முன்கூட்டியே தினமும் குயினைன் குடித்தார்கள். ஓர் ஐரோப்பியரும் சாகவில்லை. இந்த இரண்டு பயணங்களிலும் சென்றவர் சாமுவேல் அஜாயி குரோதர். யொரூபா நாட்டில் அடிமையாகப் பிடிபட்டு, 1822இல் கடற்படையால் மீட்கப்பட்டு, சியரா லியோனில் வளர்ந்து, ஃபூரா பே கல்லூரியின் முதல் மாணவரானவர். 1843இல் குருவானவராகி, யொரூபாவில் வேதாகமத்தை மொழிபெயர்த்து, 1864இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் ஆப்பிரிக்கப் பேராயரானார். நைஜர் மிஷனை அவர் முழுக்க ஆப்பிரிக்க ஊழியர்களைக் கொண்டே நடத்தினார். 1890இல் இங்கிலாந்திலிருந்து வந்த இளம் மிஷனரிகள் விசாரணை என்ற பெயரில் அந்த ஊழியர்களில் பலரை நீக்கினார்கள். எண்பது வயதைத் தாண்டிய பேராயர் மனமுடைந்து, 1891இன் கடைசி நாளில் காலமானார். அவருடைய இடத்துக்கு அடுத்து ஓர் ஐரோப்பியரே வந்தார். மிஷன் வரலாற்றின் மிகப்பெரிய அநீதிகளில் ஒன்று இது.

கிழக்கே புகாண்டா அரசுக்கு 1876இல் சி.எம்.எஸ். அனுப்பிய எட்டுப் பேரில் இருவர் 1877 ஜூன் மாதம் அரசர் முட்டேசாவின் தலைநகரை அடைந்தார்கள். மெக்கே 1878இலும் கத்தோலிக்க வெள்ளைக் குருக்கள் 1879இலும் வந்தார்கள். முட்டேசாவுக்குப் பிறகு பட்டத்துக்கு வந்த இளைஞர் முவாங்கா இந்தப் புதியவர்களை ஐயத்துடன் பார்த்தார். அப்போது பேராயர் ஜேம்ஸ் ஹானிங்டன் பழைய தென்வழியை விட்டு, மொம்பாசாவிலிருந்து மாசாய் நாட்டின் வழியே குறுக்குப் பாதையில் புறப்பட்டார். கிழக்கிலிருந்து வருபவர்களால் நாட்டுக்குக் கேடு என்று புகாண்டாவில் அச்சம் இருந்தது. அந்தத் திசையிலிருந்து வந்த ஹானிங்டன் 1885 அக்டோபர் 29 அன்று புசோகாவில் கொல்லப்பட்டார். உடன் சென்ற சுமார் ஐம்பது சுமைகாரர்களில் தப்பியவர்கள் சிலரே.

மீதிப் பயணக் கூட்டத்தைப் பின்னால் வைத்துக் காத்திருந்தவர் வில்லியம் ஜோன்ஸ். இவரும் நாசிக்கில் வளர்ந்தவர். அந்த ஆண்டு மே மாதம்தான் ஹானிங்டன் கையால் உதவிக்குருப் பட்டம் பெற்றிருந்தார். செய்தி உறுதியானதும், பட்டினியிலும் நோயிலும் தளர்ந்த ஆட்களை நூற்றுக்கணக்கான மைல் நடத்தி 1886 பிப்ரவரியில் ரபாய்க்கு அழைத்து வந்தார். முன்னே ஒரு நீலக்கொடி; அதில் வெள்ளை எழுத்தில், மகிமை விலகியதைக் குறிக்கும் இக்கபோத் என்ற வேதாகமப் பெயர். பயணத்தின் நோக்கம் முறிந்ததை ஊருக்குச் சொல்ல அந்தக் கொடியே போதுமாக இருந்தது. ஆனால் ஆட்களைக் கரை சேர்த்த அந்தத் திரும்பு பயணம் ஜோன்ஸின் சாதனை.

முவாங்காவின் அரசில் 1885 ஜனவரியில் மூன்று கிறிஸ்தவ இளைஞர்களுடன் தொடங்கியிருந்த கொலைகள் 1886 ஜூன் 3 அன்று நமுகொங்கோவில் உச்சத்தை எட்டின. அரண்மனைப் பணியாளர்களான வாலிபர்கள் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். பெயர் தெரிந்தவர்களில் 22 பேர் கத்தோலிக்கர், 23 பேர் ஆங்கிலிக்கர். கத்தோலிக்கர்களை 1964இல் திருத்தந்தை ஆறாம் பவுல் புனிதர்களாக உயர்த்தினார். மிஷனரிகள் வெளியேற்றப்பட்ட காலத்திலும் லுகாண்டா மொழிச் சுவிசேஷங்களைப் படித்த விசுவாசிகள் சபையைக் காத்தார்கள். 1890களில் புகாண்டாவின் உபதேசியார்கள் நூற்றுக்கணக்கில் டோரோ, புன்யோரோ, அங்கோலே, புசோகா என்று அண்டை நாடுகளுக்கு நடந்தார்கள். நம் கிராமத்து உபதேசியாரைப் போலவே எழுத்தும் ஜெபமும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள்.

அவர்களில் அப்போலோ கிவெபுலாயாவின் பயணம் தனியே சொல்லத் தக்கது. படைவீரராக இருந்து 1895இல் ஞானஸ்நானம் பெற்றவர். அடுத்த ஆண்டே ருவென்சோரி மலைச்சரிவைக் கடந்து, செம்லிகி ஆற்றுக்கு அப்பால் காங்கோ காட்டோரத்திலிருந்த ம்போகாவுக்குப் போனார். அங்கே தலைவர் தபாரோவின் சகோதரி, புல்லில் கிடந்த அப்போலோவின் ஈட்டி குத்தித் தற்செயலாக இறந்தார். கொலைக்குற்றம் சாட்டி அவரைச் சங்கிலியிட்டு டோரோவுக்கு அனுப்பினார்கள். விடுதலையானதும் அதே ஊருக்குத் திரும்பினார். அவரை அடித்து விரட்டிய தபாரோவே பின்னர் ஞானஸ்நானம் பெற்றார். 1920களில் அப்போலோ காட்டுக்குள் வாழ்ந்த ம்பூட்டி மக்களிடம் சென்றார். திருமணம் செய்துகொள்ளாமல் அந்த மக்களிடையே வாழ்ந்து, 1933இல் ம்போகாவிலேயே இறந்தார். இன்றைய காங்கோ ஆங்கிலிக்கன் சபை அவர் வைத்த அடித்தளத்தில் எழுந்தது.

எந்தச் சங்கமும் அனுப்பாத பயணங்களும் உண்டு. லைபீரியாவின் கிரெபோ இனத்தவரான வில்லியம் வாடே ஹாரிஸ் 1913இல் வெள்ளை அங்கி, தலைப்பாகை, கையில் சிலுவைக் கோல், வேதாகமம், சுரைக்குடுக்கை ஆகியவற்றுடன் வெறுங்காலில் கிழக்கே நடந்தார். பாடிக்கொண்டு சில பெண்கள் உடன் சென்றார்கள். ஐவரி கோஸ்ட் வழியாகத் தங்கக் கரை வரை போய்த் திரும்பிய ஒன்றரை ஆண்டுக்குள் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். கூட்டத்தைக் கண்டு அஞ்சிய பிரெஞ்சு அரசு 1914 இறுதியில் அவரை நாடு கடத்தியது. பத்தாண்டுகள் கழித்து மெத்தடிஸ்ட் மிஷனரி வில்லியம் பிளாட் அங்கே போனபோது, போதகர் ஒருவரும் இல்லாமலேயே ஆலயம் கட்டி வழிபட்டுக் காத்திருந்த ஊர்களைக் கண்டார்.

மிஷன் பயணங்களுக்குப் பின்னால் காலனி ஆட்சி வந்தது என்பதை மறைக்க முடியாது. மிஷனரிகள் வரைந்த வழிப்படங்களை ஆட்சியாளர்கள் பயன்படுத்தினார்கள். புகாண்டா 1894இல் பிரிட்டிஷ் பாதுகாப்பு நாடாக அறிவிக்கப்பட்டதற்கு மிஷன் ஆதரவாளர்களின் பிரசாரமும் ஒரு காரணம். அதே மிஷனரிகளில் சிலர் ஆட்சியின் கொடுமையை உலகுக்குக் காட்டியதும் உண்மை. பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் காங்கோவில் ரப்பருக்காக மக்களின் கைகள் வெட்டப்பட்டதை 1899இல் எழுதியவர் கறுப்பின அமெரிக்க மிஷனரி வில்லியம் ஷெப்பர்ட். மிஷனரி அலிஸ் சீலி ஹாரிஸ் எடுத்த புகைப்படங்கள் ஐரோப்பாவின் மனசாட்சியை உலுக்கின. 1908இல் காங்கோ லியோபோல்டின் தனிப்பிடியிலிருந்து எடுக்கப்பட்டதில் இந்தச் சாட்சியங்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட சுமார் 32,000 தொழிலாளர்களின் உழைப்பில் மொம்பாசாவிலிருந்து போடப்பட்ட ரயில்பாதை 1901இல் விக்டோரியா ஏரியைத் தொட்டதும், மூன்று மாத நடை சில நாட்களாகச் சுருங்கியது. சுமைகாரரின் தொழில் மெல்ல மறைந்தது. சபைகள் ஆப்பிரிக்கர் கைக்கு மாறிவந்த காலத்தில், 1971இல் கென்யப் பிரஸ்பிட்டேரியன் சபையின் பொதுச்செயலர் ஜான் கட்டு, வெளிநாட்டு மிஷனரிகளும் பணமும் வருவதைக் கொஞ்சகாலம் நிறுத்தி வைக்கும்படி கேட்டார். தன் காலில் நிற்கச் சபைக்கு இடம் வேண்டும் என்பது அவர் வாதம். 1974இல் லுசாகாவில் கூடிய ஆப்பிரிக்கத் திருச்சபைகளின் மாநாடு அதை ஆதரித்தது. அன்றாட நடைமுறையில் மிஷனரிகள் வருவது நின்றுவிடவில்லை. பல நாடுகளில் சில வாரம், சில மாதம் பணியாற்றும் குறுகிய கால ஊழியக் குழுக்கள் பெருகின. 2007இல் பணிக்கு வந்த ஆப்பிரிக்கா மெர்சி என்ற மருத்துவமனைக் கப்பல் லைபீரியா, பெனின், டோகோ, கினி, மடகாஸ்கர், கேமரூன், செனகல் துறைமுகங்களில் மாதக்கணக்கில் நின்று கண்புரையும் முகக் கட்டியும் பிளவுண்ட உதடும் அறுவை செய்து சரிப்படுத்தியது. மருத்துவர்களும் செவிலியரும் தங்கள் செலவிலேயே வருகிறார்கள். நோயாளியின் மொழியில் பேசி, கைபிடித்துப் படுக்கைக்கு அழைத்துச் செல்பவர்கள் அந்தந்த ஊரில் வேலைக்குச் சேர்க்கப்படுகிறவர்கள்.

1900இல் ஆப்பிரிக்காவில் கிறிஸ்தவர்கள் ஒரு கோடியை ஒட்டி இருந்தார்கள். நூறாண்டுகளில் அந்த எண்ணிக்கை 35 கோடியைத் தாண்டியது. பெரும்பங்கு வளர்ச்சி, மிஷனரிகளின் கையிலிருந்து சபைகள் ஆப்பிரிக்கர் கைக்கு மாறிய பிறகு வந்தது. ஜூன் 3 உகாண்டாவில் அரசு விடுமுறை. அந்த நாளுக்காகக் கென்யாவிலிருந்தும் தான்சானியாவிலிருந்தும் காங்கோவிலிருந்தும் திருப்பயணிகள் ஒவ்வோர் ஆண்டும் பல நாட்கள் நடந்தே நமுகொங்கோவுக்கு வருகிறார்கள்.